முதலமைச்சர் வாங்கி வந்த வடை

“தாயே, அந்தப் பரிதியை உள்ளே தள்ளலாமா, வேண்டாமா?” என்று கேட்டார் முதலமைச்சர் திருவேங்கடம்.

பரிதி ஒரு நாளேட்டில் கார்ட்டூன் போடுகிறவன். ஏழு வருஷமாக அவன் பேனா திருவேங்கடத்தை விட்டு நகரவில்லை. வழுக்கை, தொப்பை, தொங்கும் கன்னம் எல்லாம் தினமும் முதல் பக்கத்தில் வரும்.

கைது உத்தரவு தயார். கையெழுத்துதான் பாக்கி. ஆனால் மலையடிவாரத்து ஆசிரமத்து அருள்நங்கையைக் கேட்காமல் அவர் எந்தப் பெரிய காரியத்திலும் இறங்குவதில்லை. தன்னைவிட இருபது வயது இளையவள் முன்னால் கைகட்டி நிற்க ஒரு மனசு வேண்டும். அது அவருக்கு இருந்தது.

 பசிக்கிறது, எதிர்க் கடையில் நாலு வடை வாங்கி வாருங்கள் என்றாள் அவள். காரும் வேண்டாம், கூட ஆளும் வேண்டாம், தோளில் கட்சித் துண்டும் வேண்டாம்.

முதலமைச்சர் வடை வாங்கப் போனார்.

கடைக்கார அம்மாள் முகத்தைப் பார்க்காமலே பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். திரும்பினால், சாலையைக் கயிறு கட்டி மறித்திருந்தார்கள்.

“பெரியவரே, தள்ளி நில்லுங்க. சி.எம். வண்டி ஆசிரமத்துலேர்ந்து கிளம்பப் போவுது,” என்றார் காவலர்.

“நான்தாம்ப்பா சி.எம்.”

காவலர் சிரிக்கவில்லை. பாவம் என்பதுபோல் பார்த்துவிட்டு, மேலே நின்ற நாற்பதடி கட்-அவுட்டைக் காட்டினார். கருகரு முடி, மழமழ கன்னம், மாசு மருவில்லாத நெற்றி. திருவேங்கடம் அண்ணாந்து பார்த்தார். அவருக்கே அந்த ஆளைத் தெரியவில்லை.

“வெயில்ல நிக்காம வீட்டுக்குப் போங்கய்யா.”

கடைக்கார அம்மாள் எட்டிப் பார்த்தாள். பொட்டலத்தின் எண்ணெய்க் காகிதத்தில் பரிதியின் கார்ட்டூன் இருந்தது. படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

“ஏட்டய்யா, இவரு அவரேதான். புருவத்துக்கு மேல தழும்பைப் பாருங்க. மில்லு ஸ்ட்ரைக்குல போலீசு அடிச்சது. எங்க வீட்டுக்காரரும் அன்னிக்கு அங்க இருந்தாரு.”

காவலர் குனிந்து காகிதத்தைப் பார்த்தார். விறைத்து நின்று சல்யூட் அடித்தார். கயிறு இறங்கியது.

திருவேங்கடம் நகரவில்லை. ஏழு வருஷமும் அவர் வழுக்கையைத்தான் பார்த்துக் கோபப்பட்டிருந்தார். படத்தில் தழும்பு இருந்தது கண்ணில் படவே இல்லை. மூன்று தையலையும் விடாமல் போட்டிருந்தான் பரிதி. 

அருள்நங்கை ஒரு வடையைத் தின்றாள். நன்றாக இருக்கிறது என்றாள். 

உதவியாளர் ஃபைலையும் பேனாவையும் நீட்டினார். முதலமைச்சர் வாங்கவில்லை. கட்-அவுட்டில் அந்தத் தழும்பைப் போடச் சொன்னார்.

“எப்படிங்கய்யா? போட்டோ எதுலயும் அது இல்லையே. எல்லாத்துலயும் நாமதானே அழிக்கச் சொன்னோம்.”

“பரிதியைக் கேளுங்க,” என்றார் திருவேங்கடம். “அவருக்குத்தான் தெரியும்.”