ஜரிகைச் செடிக்கு ஒரு பூட்டு

ஏற்காட்டில் இலை அழகுக்காக ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் பதினான்கு பேர். மொட்டு தலைகாட்டினாலே கிள்ளிப் போட்டுவிடுவார்கள். பூவுக்குப் போகிற சத்து இலைக்குப் போகட்டும் என்று. தண்டில் ஒரு கணு கிடைத்தால் போதும், நட்டுப் புதுச் செடியாக்கிவிடுவார்கள். செடிகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். சண்டை வந்தால் பியூலா டீச்சரிடம் போவார்கள்.

ஓய்வுபெற்ற தாசில்தார் மாசிலாமணி டீச்சரைவிட இருபது வயது மூத்தவர். ஆனாலும் செடி விஷயத்தில் அவருக்கு டீச்சர்தான் குரு. மழைக்காலம் தொடங்கும்போது ஒரு மனுவோடு வந்தார்.

“மேற்படி கண்டக்டர் இருதயராஜ், என்னுடைய மேற்படி செடியிலிருந்து ஒரு கணுவை நகத்தால் கிள்ளி, டிக்கெட் பையில் போட்டுக்கொண்டு சென்றுவிட்டார்.”

“எந்தச் செடி சார்?”

“ஜரிகைச் செடி.”

கருஞ்சிவப்பு வெல்வெட் போன்ற இலை, அதில் தங்க நரம்புகள். அஸ்ஸாம்காரர் ஒருவரிடம் ஆறு செடி கொடுத்து மாற்றி வாங்கியது. மலையில் வேறு யாரிடமும் இல்லை.

“அவர்தான்னு எப்படித் தெரியும்?”

“தினமும் எண்ணுகிறேன். பதினொரு கணு பத்தாகிவிட்டது. கேட்டால், ‘ஆமாங்கய்யா’ என்று சிரிக்கிறார்!”

“கிள்ளுறதுக்கு முன்னாடி கேட்டாரா?”

“மூன்று தடவை. கடைசித் தடவை ஒரு சீப்பு மலைப்பழத்தோடு வந்து, ‘ஐயா, ஒரே ஒரு கணு, சாமி மாதிரி வெச்சுக்கிறேங்கய்யா’ என்று ஒரே கெஞ்சல்.”

“நீங்க?”

“பழத்தை வாங்கிக்கொண்டேன்.”

டீச்சர் மனுவைக் கையில் வாங்கினார்.

“இப்ப என்ன செய்யணும்?”

“அவரை நம் குழுவிலிருந்து நீக்க வேண்டும்.”

டீச்சர் மனுவை மடித்து ஒரு தொட்டிக்கு அடியில் வைத்தார். “மழை முடியட்டும் சார்.”

மாசிலாமணி திரும்பும் வழியில் ஒரு பித்தளைப் பூட்டு வாங்கினார்.

மழை முடிந்ததும் மறுபடி வந்தார். கையில் ஜரிகைச் செடி வளர்த்த கண்ணாடிப் பெட்டி, மூடியில் பூட்டு. உள்ளே செடி கறுத்துக் குழைந்து கிடந்தது.

“பூட்டிட்டு மக வீட்டுக்குப் போயிருந்தேன் டீச்சர். பன்னிரண்டு நாள்.”

“காத்துக்கு ஒரு விரல் அளவு மூடியத் திறந்து வைக்கச் சொல்லியிருந்தேனே.”

“விரல் நுழைஞ்சா நகமும் நுழையுமே.”

பூட்டைத் திறந்தார்கள். டீச்சர் செடியை வெளியே எடுத்து ஒவ்வொரு கணுவாக அழுத்திப் பார்த்தார். எல்லாம் கூழாக நசுங்கின.

“ஒண்ணுகூடத் தேறாதா?”

“இதுல தேறாது.”

டீச்சர் தொட்டியை நகர்த்தி மனுவை எடுத்தார். நனைந்து, மண் ஒட்டியிருந்தது.

“மழை முடிஞ்சிருச்சு. தீர்ப்பு சொல்லட்டுமா சார்?”

மாசிலாமணி அதை வாங்கி நான்காகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு காலிப் பெட்டியைப் பார்த்தபடியே கேட்டார்.

“இருதயராஜ் வீட்டுல... அந்தக் கணு?”

“புதுசா மூணு இலை விட்டிருக்கு. நேத்துதான் பார்த்தேன்.”

“மூணா!” என்றார். முகம் மலர்ந்து, உடனே வாடியது. “அவர்கிட்ட நான் எந்த முகத்த வெச்சிக்கிட்டுக் கேக்கிறது டீச்சர்?”

டீச்சர் கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்.

“பஸ் ஸ்டாண்டு கடையில மலைப்பழம் வந்திருக்கு சார்.”