மடத்துக்கு நாலு பாத்தி

ஆலஞ்சூர் ஏரி பங்குனி முடிவதற்குள் வற்றிவிடும். வற்றியதும் ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி, ஏரித் தரையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுப்பார்கள். ஆடியில் மழை இறங்கும்வரை அந்தத் துண்டு சீட்டு விழுந்தவருக்கு. நல்ல வண்டல் மண். முழங்கால் ஆழம் தோண்டினால் ஊற்று கண் திறக்கும்.

அந்தக் கோடையில் கரையோரம் இருந்த மடத்துக்கும் ஒரு துண்டு விழுந்தது. அதை ஏகாம்பரம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

ஏகாம்பரத்துக்கு அறுபத்து மூன்று வயது. பத்திரப் பதிவு ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு வீட்டை மகன்கள் பேருக்கு எழுதிவைத்தார். செல்போனைக்கூடப் பெரியவனிடம் கொடுத்துவிட்டு, ஒரு மாற்று வேட்டியோடு மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

மடத்தை நடத்திவந்தவர் தேசம்மா. வயது நாற்பத்தொன்று. மகள் வயதுப் பெண் காலில் இவர் விழுந்து எழுவதைப் பார்த்து ஊரில் சிரித்தார்கள். ஏகாம்பரம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் தேசம்மாவை அம்மா என்றார். தேசம்மா அவரை ஐயா என்றார்.

ஏரித் துண்டில் ஏகாம்பரம் வெண்டையும் கத்தரியும் வெள்ளரியும் போட்டிருந்தார். ஊற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றினார். தோள் காய்த்துப்போனது. ஆனால் காய்கள் வாரத்துக்கு மூன்று முறை சந்தைக்குப் போயின. மடத்துக்கு வந்து உண்பவர்களுக்கு அரிசி அதிலிருந்தே வந்தது. வெயிலில் நடந்து வருகிறவர் எவரானாலும் இலை போட்டுவிடுவது அந்த மடத்தின் வழக்கம்.

ஒரு நாள் மதியம், எல்லோரும் உண்டு போன பிறகு, ஏகாம்பரம் கேட்டார்.

"அம்மா, வீட்டை விட்டாச்சு. பிள்ளைங்க நெனப்பும் வர்றதில்லை. இங்க வந்து சாப்பிடறவங்கள்ல யாரு நம்மாளு, யாரு அசலாருன்னு எனக்குப் பேதமே தெரியலை. இன்னும் எனக்குள்ள என்ன மிச்சம் இருக்கு?"

தேசம்மா அவர் இலையைப் பார்த்தார்.

"மோர் ஊத்திக்கங்க ஐயா. கண்ணுல பட்டா சொல்றேன்."

அவ்வளவுதான். ஏகாம்பரத்துக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அம்மா கண்ணிலேயே ஒன்றும் படவில்லை என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் மூன்று கூடை வெண்டைக்காயைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, அவர் ஊற்றில் கை கால் கழுவிக்கொண்டிருந்தார். வெண்டைச் சுணை கையெல்லாம் அரித்தது. நிமிர்ந்தபோது தேசம்மா கரையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். வேகமாக வந்தார். காலையில் அவர் தோட்டத்துக்கு வந்ததே இல்லை.

"வாங்கம்மா. வெள்ளரிப் பிஞ்சு இருக்கு, பறிச்சுத் தரட்டுமா?"

தேசம்மா ஊற்றை ஒட்டிய நாலு பாத்தியைத் தாண்டினார். தள்ளி இருந்த பெரிய பாத்திகளுக்குள் போய் நின்றார். ஒரு செடியைத் தொட்டுப் பார்த்தார். காய் ஒடித்த காம்பு இன்னும் ஈரமாக இருந்தது.

"பறிச்சாச்சா?"

"ஆச்சும்மா. வண்டி இப்பத்தான் போச்சு. கால் மணி ஆகியிருக்கும்."

தேசம்மாவின் முகம் ஒரு கணம் வெளிறியது. ஏகாம்பரத்துக்குக் காரணம் புரியவில்லை. தேசம்மா குனிந்து, இலைக்கடியில் தப்பியிருந்த ஒரு பிஞ்சை ஒடித்து நுனியைக் கடித்தார்.

ஏகாம்பரம் ஊற்றிலிருந்து வெளியே வந்தார்.

"அம்மா, அது வேண்டாம். முத்தல்."

"பிஞ்சுதான்."

முழுதும் தின்றுவிட்டு அடுத்ததை ஒடித்தார்.

"அம்மா, இந்தப் பக்கம் வாங்க. இதுல நல்ல காய் இருக்கு."

"இதுக்கென்ன?"

தேசம்மா மென்றுகொண்டே அவர் முகத்தைப் பார்த்தார். மூன்றாவது பிஞ்சு வாய்க்குப் போனபோது ஏகாம்பரம் ஓடிவந்து அவர் கையைப் பிடித்தார். மடத்துக்கு வந்த ஒன்றரை வருஷத்தில் காலைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை.

"துப்புங்கம்மா. மருந்து அடிச்சிருக்கேன். நேத்து சாயந்திரம்தான் அடிச்சேன். துப்பிடுங்க."

தேசம்மா விழுங்கினார்.

"தெரியும். நேத்து சாயந்திரம் உங்களைக் கூப்பிடத்தான் வந்தேன். கரையில நின்னு பாத்தேன். முதுகுல டேங்கைக் கட்டிக்கிட்டு, மூக்குல துண்டைச் சுத்திக்கிட்டு அடிச்சீங்க. ஊத்தோரம் நாலு பாத்திய மட்டும் விட்டுட்டுத் தாண்டிப் போனீங்க."

ஏகாம்பரம் அவர் கையை விட்டார்.

"அந்த நாலு யாருக்கு ஐயா?"

"மடத்துக்கு. நமக்கு."

"மருந்து அடிச்சா எத்தனை நாள் விட்டுப் பறிக்கணும்?"

"ஏழு நாள். டப்பாவுல போட்டிருக்கு."

"ஏழு நாள் விடுவீங்கன்னு நெனச்சுத்தான் நேத்து திரும்பிப் போனேன். காலையில வந்து பேசிக்கலாம்னு இருந்துட்டேன். அது என் தப்பு."

"வெண்டை ஏழு நாள் தாங்காதும்மா. ரெண்டு நாள் விட்டாலே முத்திடும். அடிக்கலைன்னா புழு. இங்க எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. அவங்கவங்க வீட்டுக்குன்னு ஓரமா கொஞ்சம் விட்டுட்டு..."

தான் சொல்வது தன் காதிலேயே விழுந்தது. பாதியில் நிறுத்தினார்.

தேசம்மாவின் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. வெயில் இன்னும் ஏறவில்லை.

ஏகாம்பரம் அப்படியே பாத்தியில் சரிந்து அவர் காலைப் பிடித்தார். செடிகள் ஒடிந்தன.

"எழுந்திருங்க ஐயா. நான் இங்கதான் நிக்கிறேன். கூடை நிக்கலை. போய்க்கிட்டே இருக்கு."

"முதல்ல ஆஸ்பத்திரி போவோம்மா."

"முதல்ல சந்தை."

மடத்து மொபெட் கரையில் நின்றது. தேசம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளப்பினார். இரண்டு தடவை அணைந்து போனது. ஏரிக்கரை முடியும் இடத்தில் கூட்ரோடு. இடது பக்கம் அரசு ஆஸ்பத்திரி. வலது பக்கம் சந்தை. இரண்டும் மூன்று மைல்தான்.

சந்தைக்குத்தான் போகிறோம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தார். கூட்ரோடு வந்ததும் அவர் கை வண்டியை இடது பக்கம் திருப்பியது.

கொஞ்ச தூரம் போனார்கள். தேசம்மா அவர் தோளைத் தட்டினார்.

"நிறுத்துங்க ஐயா."

இறங்கி ரோட்டோர மதகுக் கட்டையில் உட்கார்ந்தார். குனிந்து வாந்தி எடுத்தார். பச்சையாக வந்தது. கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"திரும்பிப் போங்க."

"உங்களை இப்படி நடுரோட்டுல விட்டுட்டு எப்படிம்மா போவேன்?"

"நான் தெரிஞ்சு தின்னேன். அவங்க தெரியாம திங்கப் போறாங்க."

ஏகாம்பரம் அவரை மதகிலேயே விட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார். அறுபத்து மூன்று வருஷத்தில் அவர் அப்படி வண்டி ஓட்டியதில்லை. பின்னால் வாந்தி எடுக்கும் சத்தம் வெகுதூரம் கேட்டுக்கொண்டே வந்தது. அது நின்றபோது இன்னும் பயமாக இருந்தது.

சந்தையில் அவர் காயை விற்பவள் கன்னியம்மா. சாக்கின் மேல் இரண்டு கூடை அப்படியே இருந்தது. மூன்றாவது பாதிக்கு மேல் காலி.

"என்ன சாமி, நீங்களே வந்துட்டீங்க?"

"விக்காத. விஷம்."

"என்ன சொல்றீங்க?"

"நேத்து மருந்து அடிச்சது. யாரும் திங்கக் கூடாது. யார் யாருக்குக் கொடுத்த, சொல்லு."

கன்னியம்மா கையிலிருந்த காயைக் கூடையில் போட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"போன வாரம் குடுத்தது?"

ஏகாம்பரம் தலை குனிந்தார்.

"அதுக்கு முன்ன?"

"ஆறு வாரமா."

கன்னியம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"என் பொண்ணு ஏழு மாசம் முழுகாம இருக்கா. மாப்பிள்ளை வீட்டுல வெச்சுக்கலைன்னு என்கிட்டதான் இருக்கா. மடத்துக் காய், சாமிங்க கை பட்டது, அவளுக்கு நல்லதுன்னு காய் வர்ற அன்னிக்கெல்லாம் ஒரு புடி எடுத்துட்டுப் போவேன்."

ஏகாம்பரத்துக்குச் சந்தை இரைச்சல் எங்கோ தூரத்தில் போய்விட்டது. சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தது அவருக்கே தெரியவில்லை.

அவரை உலுக்கி எழுப்பியது கன்னியம்மாதான்.

"உக்காந்தா ஆச்சா? எழுந்திருங்க. அதோ மஞ்சப் பைக்காரரு. அந்தக் கொத்தனார் வேலைப் பொம்பளை. டீக்கடை அக்கா. போங்க."

ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். முகத்துக்கு நேராக, தன் வாயால். நான்தான் விளைவித்தேன், நான்தான் அடித்தேன், தின்னாதீர்கள் என்று. கொத்தனார் வேலைப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் காயைத் தரையில் கொட்டினாள். டீக்கடைக்காரி, "உன் வீட்டுல இதைத் திம்பியா?" என்று கேட்டாள். அவர் இல்லை என்றார். மஞ்சள் பைக்காரர் சிரித்தார்.

"எல்லாம் மருந்துதான் பெரியவரே. நீங்க வந்து சொன்னீங்க, தெரிஞ்சுது. வந்து சொல்லாதவன் காயை நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

ஏகாம்பரம் பையை வாங்கிக்கொண்டார்.

மீட்டதையெல்லாம் கூடையில் போட்டுச் சாக்கடையில் கவிழ்க்கப் போனார். "மாடு தின்னும்" என்று கன்னியம்மா தடுத்தாள். சந்தைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தார்கள். மண்ணைத் தள்ளும்போது அவள் சொன்னாள், "இன்னும் ஒருத்தரு. நீலச் சட்டை. ரெண்டு கிலோ வாங்கினாரு, வீட்டுல விசேஷம்னு. பஸ்ஸு கெளம்புதுன்னு ஓடினாரு."

அவருக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. மதகு நினைவு வந்துவிட்டது. வண்டியை எடுத்தார்.

மதகுக் கட்டையில் தேசம்மா இல்லை.

வாந்தி காய்ந்து ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. ஒரு செருப்பு மட்டும் கிடந்தது. ஏகாம்பரம் மதகுக்கு அடியில் குனிந்து பார்த்தார். வாய்க்காலில் பார்த்தார். அந்த வழியாகப் புல்லுக்கட்டோடு வந்த ஒரு பெண், யாரோ ஒரு அம்மாவைப் பால் வண்டிக்காரர் தூக்கி ஏற்றிக்கொண்டு போனதாகச் சொன்னாள்.

உயிரோடா என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில், கதவிலிருந்து நாலாவது கட்டிலில் தேசம்மா படுத்திருந்தார். கையில் சொட்டு மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. உதடு காய்ந்திருந்தது. கண் மூடியிருந்தது.

நர்ஸ், "நீங்க யாரு? அப்பாவா?" என்று கேட்டாள்.

"இல்லைம்மா. நான் இவங்க சிஷ்யன்."

அவள் அவரை விநோதமாகப் பார்த்தாள். "வாந்தியில நெறைய வெளிய போயிடுச்சு. ஊசி போட்டிருக்கு. நாளைக்கு வரைக்கும் இருக்கட்டும். பயமில்லை."

பயமில்லை என்ற சொல்லைக் கேட்டதும் ஏகாம்பரம் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். தோள் குலுங்க அழுதார். பக்கத்துக் கட்டில்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

வெகுநேரம் கழித்துத் தேசம்மா கண் திறந்தார்.

"கூடை?"

"புடிச்சுட்டேம்மா. எல்லாத்தையும் குழி தோண்டிப் புதைச்சாச்சு. வாங்கினவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்ச் சொல்லிட்டேன். ஒரே ஒருத்தர்தான் கெடைக்கலை. நீலச் சட்டை போட்டவராம். ரெண்டு கிலோ வாங்கிட்டு பஸ் ஏறிட்டாராம்."

ஏகாம்பரம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சொட்டு மருந்து ஒழுங்காக இறங்குகிறதா என்று நிமிர்ந்து பார்த்தார்.

"அந்த மதகுல நீங்க இல்லைன்னதும் என் உயிரே போயிடுச்சும்மா. இப்ப நீங்க கண் தொறந்து பேசினதும்தான் போன உயிர் திரும்பி வந்துச்சு."

"முழுசா வந்திருக்காது ஐயா," என்றார் தேசம்மா. "அந்த பஸ் எந்தப் பக்கம் போச்சு?"