மாமன் சீர் சுமந்த யானை

முயல் நெடுஞ்செவியனுக்கு அன்று கால் தரையில் நிற்கவில்லை. மூன்று மலைக்கு அப்பால் வாழ்ந்த தங்கையின் மகளுக்கு மறுநாள் காதுகுத்து! முயல் வீட்டில் காதுகுத்து என்றால் சும்மாவா? எவ்வளவு நீளக் காது!

தாய்மாமன் சீரோடு வந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால்தான் மரங்கொத்தி ஆசாரி அலகைத் தீட்டுவார். வெயில் உச்சிக்கு வந்துவிட்டால் நல்ல நேரம் முடிந்துவிடும். அப்புறம் அடுத்த வருடம்தான்.

கரும்பு ஒரு கட்டு, வாழைத்தார் இரண்டு, பலாப்பழம் ஒன்று, சர்க்கரைவள்ளிக்கிழங்கு ஒரு மூட்டை. சீர் தயார். எதில் ஏற்றிப் போவது? அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. யார் முதுகில் ஏறினாலும், வழிநெடுக அவருக்குத் தீனி போடுவது ஏறியவர் பொறுப்பு.

"கழுதையைக் கூப்பிடலாங்க" என்றாள் மனைவி வெள்ளையம்மா. "ரெண்டு பிடி புல்லு போட்டா பொழுதுக்கும் நடக்கும்."

"கழுதையா! அந்த ஊர்ல போன காதுகுத்துக்கு ஒரு மாமன் காட்டெருமை மேல வந்து இறங்கினான். நான் கழுதை மேல போனா என் மானம் என்னாகுறது? அதுவும் கழுதை ரெண்டு கிழங்கு கூலி கேக்குது. யானையைக் கேட்டேன், கூலியே வேண்டாங்குது!"

"கூலி வேண்டாம், சரி. அதோட வயிறு?"

நெடுஞ்செவியன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவ்வளவு பெரிய காது இருந்தும்!

விடிந்ததும் கருமலை என்ற அந்த யானை வாசலில் வந்து நின்றது. நெடுஞ்செவியன் அதன் முதுகில் ஏறி, நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தான். பின்னால் சீரோடு வெள்ளையம்மாவும் ஏறிக்கொண்டாள். வழியில் பார்த்த அணில்களுக்கெல்லாம் கையை ஆட்டினான். ஒரு மலை தாண்டியது.

"முயலாரே, பசிக்குது!" என்றது கருமலை.

"அதுக்குள்ளேயா?"

"என் உடம்பைப் பாருங்க. உங்களைத் தூக்கறதுக்கு இல்ல, என்னைத் தூக்கறதுக்கே தீனி வேணும்!"

கரும்புக் கட்டு போனது. இன்னும் கொஞ்ச தூரத்தில் ஒரு வாழைத்தார் போனது. ஏற்றத்தில் இன்னொன்று. இறக்கத்தில் பலாப்பழம், முள்தோலோடு. மூன்றாவது மலையின் அடிவாரத்தில் யானை சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

"மூட்டையில கிழங்கு வாசம் அடிக்குதே!"

நெடுஞ்செவியன் மூட்டையைப் பார்த்தான், யானையைப் பார்த்தான். "இதையும் கொடுத்துடலாமா? கடைசி வரைக்கும் யானை மேலேயே போயிடலாம்!"

வெள்ளையம்மா சட்டென்று மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "வெறுங்கையோட யானை மேல போய் இறங்குவீங்களா? உங்க தங்கச்சி அவ மாமியார் முன்னால எந்த மூஞ்சியோட நிப்பா?"

நெடுஞ்செவியனுக்குச் சுருக்கென்றது. அண்ணன் வருவான் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் தங்கையின் முகம் நினைவுக்கு வந்தது. வெயில் வேறு ஏறிக்கொண்டிருந்தது. அவன் கண் கலங்கிவிட்டது.

அப்போது அந்த வழியாகக் கழுதை வந்தது. முள்ளம்பன்றி வீட்டுச் சாமானை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது.

"என்ன மாமா, யானை நின்னுபோச்சா? ஏறுங்க!"

"உனக்கு என்ன தீனி போடணும்?" என்று பயந்துகொண்டே கேட்டான் நெடுஞ்செவியன்.

"காலையிலேயே தின்னுட்டேன் மாமா. அந்த ரெண்டு கிழங்கு கூலியை மட்டும் மறந்துடாதீங்க!"

கழுதை டக்டக்கென்று நடந்தது. வழியில் ஒரு தடவைதான் நின்றது, ஒரு வாய் புல்லைக் கடிக்க. மரங்கொத்தி ஆசாரி, "இனி நேரமில்லை" என்று கிளம்பப் போகும்போது இவர்கள் போய் இறங்கினார்கள். மருமகள் துள்ளி வந்து மாமன் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி இந்தக் காதில் ஒரு கொத்து, அந்தக் காதில் ஒரு கொத்து. முடிந்தது!

தங்கையின் மாமியார் கிழங்கு மூட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "ஏன் தம்பி, யானை மேல சீர் வருதுன்னு காக்கா வந்து சொல்லுச்சே?"

நெடுஞ்செவியன் தலையைச் சொறிந்தான். "யானை மேலதான் கிளம்புச்சு அத்தை. இப்ப யானைக்கு உள்ள இருக்கு!"

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மாமியாரும் சிரித்துவிட்டாள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது தங்கைதான். "நீ நேரத்துக்கு வந்தியே அண்ணா, அது போதும்!" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திடீரென்று தரை அதிர்ந்தது. வாசலில் கருமலை நின்றது.

"குழந்தையை வாழ்த்திட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றது அது. "ஆமா, பந்தி எந்தப் பக்கம்?"

வெள்ளையம்மா ஓடிப்போய் மறுபடியும் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டாள்!

நீதி: ஏறிப் போக வண்டியோ வாகனமோ தேடும்போது, அது எவ்வளவு பெரியது என்று பார்க்காமல், போகும் வழியெல்லாம் எவ்வளவு தின்னும் என்று பார்க்க வேண்டும்.