நகப்பூச்சுக் கோடு

“என் ஸ்கோப்பை எவனோ திருகுறான், டீச்சர்.”

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சங்கிலி இதைச் சொல்லிவிட்டார். வணக்கம் பிறகுதான் வந்தது.

லூர்து டீச்சர் மலையடிவாரத்தில் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுப்பவர். சங்கிலியைவிட வயதில் இளையவர். ஆனாலும் அவரிடம் படித்தவர்கள், மீசை நரைத்தவர்கள் உட்பட, எதிரில் நின்றுகொண்டுதான் பேசுவார்கள்.

சங்கிலிக்கு மலைமேல் பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் நிலம். பயிரைக் கிளறும் காட்டுப்பன்றியைச் சுட அந்த ஊர்ப் பஞ்சாயத்து இரண்டு பேருக்கு அனுமதி கொடுத்திருந்தது. ஒருவர் சங்கிலி. இன்னொருவன் அவர் மனைவியின் தம்பி காத்தான். இருவருக்கும் ஒரே வீடு.

“எவனோன்னா எவன்?” என்றார் டீச்சர்.

“வேற யாரு? காத்தான்தான்.”

குறி தப்பத் தொடங்கியதும் முதலில் சங்கிலி தோட்டாவைத்தான் சந்தேகப்பட்டார். பிறகு, குறிபார்க்கத் துப்பாக்கிமேல் மாட்டும் தூரக்கண்ணாடியான அந்த ஸ்கோப்பை விற்ற கடைக்காரனை. நடுவில் சில நாள் பன்றியையே சந்தேகப்பட்டார், யாரோ அதற்கு மந்திரித்துவிட்டிருக்கிறார்கள் என்று. காத்தான் நினைவுக்கு வந்த பிறகுதான் மனிதருக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

“அப்படி என்ன ஆச்சு?”

சங்கிலி குரலைத் தாழ்த்தினார்.

விடிகாலையில் பன்றியைப் பார்த்துச் சுட்டிருக்கிறார். குண்டு பன்றியை விட்டுவிட்டு, வேலிக்கு அப்பால் இருந்த மாட்டுக்கொட்டகைச் சுவரில் பாய்ந்துவிட்டது. உள்ளே பக்கத்து வீட்டுச் செல்லக்கிளி பால் கறந்துகொண்டிருந்தாள். பசு மிரண்டு செம்பை உதைத்ததோடு போயிற்று. ஒரு முழம் தள்ளியிருந்தால் செல்லக்கிளி போயிருப்பாள்.

“பஞ்சாயத்துல விசாரிக்கப் போறாங்க. ஸ்கோப்பைத் திருகி வச்சது காத்தான்னு சொல்லப் போறேன்.”

“சொன்னா?”

“அவன் லைசென்ஸ் போகும். போலீஸ் கேஸும் வரும். வரட்டும். என் பேரு கெட்டா அவன் ஒருத்தன்தானே ஊருக்குச் சுடுறவன்? அதுக்குத்தான் பண்ணியிருக்கான்.”

“உங்க வீட்டம்மா என்ன சொல்றாங்க?”

“அவ எங்கிட்டப் பேசுறதில்ல. அவளும் அவன் கட்சி.”

டீச்சர் கை நீட்டினார். சங்கிலி ரைஃபிளை உறையிலிருந்து எடுத்து, தோட்டா இல்லை என்று திறந்து காட்டிக் கொடுத்தார்.

“இத விடப் பெரிய ஸ்கோப் ஒண்ணு சொல்லுங்க டீச்சர். இதுல சரியாத் தெரியல.”

“பன்றி எவ்வளவு தூரத்துல நிக்கும்?”

“கூப்பிடு தூரம்.”

“அதுக்கு இதுவே அதிகம். என்ன தெரியல?”

“எதிர் மேட்டுல காத்தான் நின்னா, அவன் முகம் தெரிய மாட்டேங்குது. சிரிக்கிறானா, என்ன பண்றான்னே புரியல.”

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“துப்பாக்கியில மாட்டியிருக்கும்போதா அவனப் பாத்தீங்க?”

“தோட்டா போடல, டீச்சர்.”

 

டீச்சர் ரைஃபிளின் போல்ட்டை உருவித் தன் மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். போல்ட் இல்லாத ரைஃபிள் சுடாது. உலக்கை மாதிரிதான்.

“இது இங்க இருக்கட்டும்.”

பிறகு ஸ்கோப்பைக் கழற்றினார். அதைப் பிடித்திருந்த வளையங்களில் ஒரு திருகு எவ்வளவு சுற்றினாலும் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. முடுக்கி முடுக்கி மரை தேய்ந்திருந்தது. ஸ்கோப்பின் குழாயில் வளையம் அழுத்திய தழும்பு.

“பாத்தீங்களா!” என்றார் சங்கிலி.

“பாத்தேன்.”

கண்ணாடியில் தூசி இருந்தது. சங்கிலி பழக்கதோஷத்தில் தோள் துண்டால் துடைக்கப் போனார். டீச்சர் அந்தக் கையைத் தட்டிவிட்டு, சின்ன பிரஷ்ஷால் தூசியை நீக்கினார்.

வேறு வளையங்கள் எடுத்தார். வளையங்கள் உட்காரும் அடிக்கட்டையின் எண்ணெயை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். ஸ்கோப்பை வைத்து, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றித் திருகினார். போதும் என்ற இடத்தில் நிறுத்தினார்.

“இன்னும் ஒரு சுத்து இறுக்கலாமே?”

“போதும்.”

உள்ளேபோய் ஒரு சிவப்பு நகப்பூச்சுக் குப்பியோடு வந்தார். ஒவ்வொரு திருகின் தலையிலிருந்தும் வளையத்துக்கு மெல்லிய கோடு இழுத்தார்.

“திருகு மயிரிழை அசைஞ்சாலும் கோடு உடையும். காஞ்சதும் எடுத்துட்டுப் போங்க. பஞ்சாயத்துக்கு முந்தின நாள் கொண்டு வாங்க.”

சங்கிலிக்கு அது பிடித்துப்போயிற்று. திருடனுக்குப் பொறி வைத்த சந்தோஷத்தோடு மலையேறினார்.

சொன்ன நாளில் வந்தார். இந்த முறை காத்தானே ஜீப் ஓட்டி வந்திருந்தான். வீட்டில் விட்டுவிட்டு வந்தால் முதுகுக்குப் பின்னால் என்ன செய்வானோ என்று சங்கிலிதான் கூட்டி வந்திருந்தார். உள்ளே வரக் கூடாது என்று சொல்லியிருந்ததால் அவன் ஜீப்புக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றான்.

“அத்தனை கோடும் உடைஞ்சிருச்சு, டீச்சர்!”

உடைந்துதான் இருந்தது.

“போல்ட் உங்ககிட்ட. ஒரு குண்டு சுடல. சுட்ட அதிர்வுல அசைஞ்சதுன்னு எவனும் சொல்ல முடியாது. அப்ப இது கைதானே?”

“கைதான்.”

“யார் கை?”

“நீங்க சொல்லுங்க. அவன் தொட்டதப் பாத்தீங்களா?”

“பாக்கல. பெரிய தந்திரக்காரன். சோறு திங்கும்போதெல்லாம் அவன் விரலையே பாத்துக்கிட்டிருந்தேன், சிவப்பு ஒட்டியிருக்கான்னு. துடைச்சிட்டு வந்துருவான்போல. போதாததுக்கு அவன் பொண்டாட்டிகிட்டயும் இதே சிவப்புல ஒரு குப்பி இருக்கு. கோட்டை உடைச்சிட்டுத் திரும்பப் போட்டாக்கூட நமக்குத் தெரியாது. முதல் நாளே எனக்கு அது தோணிருச்சு.”

“தோணினதும் என்ன பண்ணீங்க?”

“என்ன பண்ணுவேன்? இன்னும் கவனமா இருந்தேன்.”

அவர் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போயிற்று. திருகு முடுக்கும் சின்ன அலன் கீ அங்கே அரைஞாண் கயிற்றில், தாயத்துக்குப் பக்கத்தில், நீளமான கறுப்பு நூலில் கட்டித் தொங்கியது. காத்தான் கையில் சிக்கக் கூடாதென்று குளிக்கும்போதுகூட அவர் அதைக் கழற்றுவதில்லை.

டீச்சர் அதைப் பார்த்தார்.

திருகுகளைத் தளர்த்தி, மறுபடி அளவாக முடுக்கினார். இந்த முறை நீல நகப்பூச்சு எடுத்தார். கோடுகளைப் போட்டு ரைஃபிளை மேஜைமேல் வைத்தார்.

“காய நேரமாகும். டீ போட்டுக் கொண்டுவரேன். நீங்க பாத்துக்குங்க.”

“நான் இருக்கேன், டீச்சர். ஈ, எறும்பு அண்டாது.”

டீச்சர் உள்ளே போனார். அடுப்பு பற்றிய சத்தம் கேட்டது.

சங்கிலி ரைஃபிளைப் பார்த்தார். ஜன்னல் வழியே காத்தானைப் பார்த்தார். மறுபடி ரைஃபிளைப் பார்த்தார். டீச்சர் கெட்டிக்காரர்தான். ஆனாலும் பெண்பிள்ளைக் கை. சரியாக முடுக்கியிருப்பாரா?

டீச்சர் டம்ளரோடு வரும்போது சங்கிலி கைகளை மடியில் வைத்து, சமர்த்தாக உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் குனிந்து திருகுகளைப் பார்த்தார்.

“யாராச்சும் வந்தாங்களா?”

“ஒருத்தரும் வரலியே.”

“ஒரு கோடு உடைஞ்சிருக்கு.”

சங்கிலி துள்ளி எழுந்தார். ஜன்னலுக்கு ஓடினார். காத்தான் நின்ற இடத்திலேயே நின்றிருந்தான், நெற்றியில் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு.

“உங்க பின்கதவு தொறந்திருக்கா, டீச்சர்?”

“பூட்டியிருக்கு. டீ ஆறுது, குடிங்க.”

சங்கிலி கதவையே பார்த்தபடி கை நீட்டி வாங்கினார். ஒரு வாய் குடித்தார். டம்ளரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

பளபளப்பான எவர்சில்வரில் ஒரு பெருவிரல் ரேகை, நீலமாக, ஈரமாக.

அவர் அதைப் பார்த்தார். தன் பெருவிரலைப் பார்த்தார். இடுப்பு நூலில் தொங்கிய அலன் கீயின் முனையிலும் நீலம் இருந்தது.

டீச்சர் நகப்பூச்சுக் குப்பியை மூடிக்கொண்டிருந்தார்.

நூலின் முடிச்சு சுலபத்தில் அவிழவில்லை. பல்லால் கடித்து அறுத்து, அலன் கீயை மேஜைமேல் வைத்தார். ஜன்னல் வழியே வெளியே பார்த்தார்.

“டீச்சர், இன்னொரு டீ கிடைக்குமா? மச்சினன் வெயில்ல நிக்கிறான்.”