வாய் திறக்காத பாடம்

முன்னொரு காலத்திலே, ராஜாக்களுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்த காலத்திலே, ஒரு சபையில் குப்பாண்டி என்று ஒரு விகடன் இருந்தான். அவனுக்குச் சோறு போட்டது அவன் வாய். மாட்டிவிட்டதும் அதே வாய்தான்.

ராஜாவின் ஒரே மகள் நல்லமங்கைக்குப் பதினைந்து வயது. அரண்மனைக்குள்ளேயே பாடம். வீணையில் கெட்டிக்காரி, கணக்கு என்றால் காத தூரம் ஓடுவாள். ஒருநாள் சபையில் கணக்கு ஆசான் சோமாசியார், "மூன்றில் ஒரு பங்கு பெரிதா, நாலில் ஒரு பங்கு பெரிதா?" என்று கேட்டார்.

"நாலில் ஒன்று. மூன்றைவிட நாலு பெரிதாயிற்றே!" என்றாள் அவள்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குப்பாண்டி சும்மா இருந்தானா? "இளவரசியார் தலைக்குள்ளே கணக்கு வாடகைக்குக்கூடக் குடிவராது போலிருக்கே!" என்று ஒரு போடு போட்டான். சபை குலுங்கியது. எழுந்து போன பெண் அதன் பிறகு சுவடியையும் தொடவில்லை, வீணையையும் தொடவில்லை.

குப்பாண்டிக்குச் சோறு இறங்கவில்லை. காரணத்தை யாரிடம் சொல்வான்? அந்தக் கேள்விக்கு அவனும் மனசுக்குள் நாலில் ஒன்று என்றுதான் சொல்லியிருந்தான்! மற்றவர்கள் சிரித்த பிறகுதான் அது தப்பென்றே தெரிந்தது. தன் அசட்டுத்தனத்தை மறைக்க ஒரு குழந்தையை முன்னே தள்ளிவிட்டோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

ராஜா அவனை அழைத்தார். "கெடுத்தவன் நீ, நீயே சரிசெய். பௌர்ணமியன்று என் மகள் இதே கேள்விக்குக் காரணத்தோடு விடை சொல்ல வேண்டும். இல்லையேல் நாட்டைவிட்டு ஓடு!"

குப்பாண்டிமேல் வெகுநாள் பொறாமை கொண்ட சோமாசியார் குறுக்கிட்டார். "பிரபு, புண்படுத்தியது இவன் வாய். வாயைத் திறக்காமலே கற்பிக்கட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

மறுநாள் குப்பாண்டி ஒரு பலகையில் ஒற்றைக் கம்பி கட்டி, அடியில் நகர்த்த ஒரு மரத்துண்டும் வைத்து எடுத்துப் போனான். நல்லமங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இன்னும் என்ன சிரிப்பு மிச்சம் இருக்கிறது?"

அவன் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டான். போட்டுக்கொண்டே இருந்தான்.

"போதும், உட்காரும்."

கம்பியை முழுதாக மீட்டினான், அடிச்சுரமான ஸா ஒலித்தது. பிறகு வாயை மூடியபடியே, "ம்ம்ம்..." என்று பஞ்சமத்தை, அதாவது 'ப' சுரத்தை, முனகினான். அவளுக்குக் காது சும்மா இருக்குமா? கம்பி அவன் முனகலோடு சேரும்வரை மரத்துண்டை நகர்த்தினாள். அவன் மூன்று விரலைக் காட்ட, தலைப்பூவின் நாரை உருவிக் கம்பியை முழுதாக அளந்து, மூன்றாக மடித்தாள். மரத்துண்டுக்கு அப்பால் ஒலிக்காமல் கழிந்த கம்பி சரியாக ஒரு மடிப்பு! அடுத்து அவன் நாலு விரலைக் காட்டி, 'ம' சுரமான மத்தியமத்தை முனகினான். அங்கே கழிந்தது நாலு மடிப்பில் ஒன்று.

"அடடே, நாலாக மடித்தால் மடிப்பு சின்னதாகிவிடுகிறதே!"

குப்பாண்டியின் கண்ணும் அப்போதுதான் விரிந்தது.

பௌர்ணமியன்று அவள் சபையில் மீட்டிக் காட்டினாள். "மூன்றில் ஒன்றைக் கழித்தால் பஞ்சமம், நாலில் ஒன்றைக் கழித்தால் மத்தியமம். கம்பி குறையக் குறையச் சுரம் ஏறும். பஞ்சமம்தானே மேலே? ஆகவே மூன்றில் ஒன்றே பெரிது."

"பிரபு, இவன் முனகியிருக்கிறான்!" என்று சோமாசியார் துள்ளினார்.

"முனகினார். வாயைத் திறந்தாரா?" என்றாள் நல்லமங்கை.

ராஜா சிரித்துவிட்டார். "இனி வாயைத் திற குப்பாண்டி! என்ன பரிசு வேண்டும்?"

திறந்தான். விகடம் வரவில்லை. "மன்னிக்கணும் தாயே. அன்றைக்கு எனக்கும் விடை தெரியாது. அதை மறைக்கத்தான் உங்களைக் கேலி செய்தேன்." தலை நிமிரவில்லை.

ராஜா இருமினார். குனிந்து அவன் காதருகே, "மெதுவாகச் சொல்லப்பா. நானும் நாலில் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன்" என்று சொல்லி, வயிறு குலுங்கச் சிரித்துத் தன் முத்துமாலையை அவன் கழுத்தில் போட்டார்.

மறுநாள் பாடத்தில் நல்லமங்கையின் பக்கத்தில் உட்கார இரண்டு மணை போட்டிருந்தது. ஒன்று குப்பாண்டிக்கு. இன்னொன்று யாருக்கென்று சோமாசியார் கேட்கவில்லை. வாசலில் ராஜா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.