கட்டாயக் கட்டங்கள்

கடலூரில் மூன்றாம் நாளாக மழை விடவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் ஏழு மீனவப் படகுகளோடு தன்னார்வலர்கள் காத்திருந்தார்கள். வெள்ளத்தில் சிக்கி உதவி கேட்பவர்கள் எழுதி அனுப்ப ஓர் இணையப் பக்கம் வேண்டும் என்றதும் அதைச் செய்து கொடுத்தவர் திருவேங்கடம். தபால் துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றபின் இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியைக் கற்றவர். கற்றுக்கொடுத்தவள் நஸ்ரின். அவருடைய மகளைவிட இரண்டு வயது சின்னவள்.

மதியம் ஒரு மணிக்கு அவர் நஸ்ரினிடம் ஓடி வந்தார்.

"டீச்சர், பக்கத்தைத் தொறந்தவங்க நூத்தி எழுபத்தாறு பேர். அனுப்பினவங்க நாலே பேர். அனுப்புற பட்டனை அழுத்தினா சப்மிட் நிகழ்வு வேலை செய்யலையா? எங்க தப்புன்னே தெரியல."

நஸ்ரின் தன் கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"உங்க பேர் என்ன சார்?"

"என்ன டீச்சர், திருவேங்கடம்தான்."

"இனிஷியல் இல்ல. மறுபடி."

"கோ. திருவேங்கடம். டீச்சர், அங்க ஜனங்க..."

"பின்கோடு?"

"ஆறு லட்சத்து..."

"ஆறு இலக்கமா, எண்ணா மட்டும்."

அவர் சொன்னார். பதற்றத்தில் ஓர் எண்ணை விட்டுவிட்டார்.

"தப்பு. எல்லாம் அழிஞ்சிடுச்சு. பேர்லேர்ந்து ஆரம்பிங்க."

"டீச்சர்! தண்ணி ஏறிட்டிருக்கு, நான் ஒரு விஷயம் சொல்ல வந்தா..."

"மின்னஞ்சல் முகவரி சொல்லாம நீங்க சொல்றதைக் கேக்க முடியாது."

திருவேங்கடம் தன் பக்கத்தின் கட்டங்களை ஒருமுறை பார்த்தார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டார்.

பெயர், பின்கோடு, மின்னஞ்சல் என எல்லாக் கட்டமும் சரியாக நிரம்பும்வரை அனுப்பும் பட்டன் மங்கியே கிடக்கும்படி அவர்தான் எழுதியிருந்தார். அந்த வரிகளை அழித்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் சிவப்பில் அதட்டிய வரிகளை அழித்தார். தொலைபேசி எண் ஒன்றைத் தவிர எதையும் கட்டாயமாக வைக்கவில்லை. சிக்னல் அறுந்தால் எழுதியது கைபேசியிலேயே தங்கி, சிக்னல் வந்ததும் தானாகப் போகும்படி செய்தார். விரல்கள் இரண்டு முறை தவறின. நஸ்ரின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தை மாற்றிய நான்காவது நிமிடம் ஒரு செய்தி வந்தது. ஒரு தொலைபேசி எண். அதன் கீழே, 'மாடில இருக்கோம் பாட்டரி இல்ல'. வேறெதுவும் இல்லை.

"பேரும் இல்ல, விலாசமும் இல்ல. இதை வச்சு எந்தப் படகை அனுப்ப?"

"நம்பர் இருக்கே சார்."

அவர் எண்களை அழுத்தினார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினார்.

மூன்றாம் முறை ஒரு பெண் குரல் வந்தது. "ரைஸ்மில் பின்னாடி... பச்சை கலர் தண்ணி டேங்க்கு..." அதற்குள் இணைப்பு அறுந்தது.

அந்த அரிசி ஆலை இருக்கும் தெரு அவருக்குத் தெரியும். படகுக்காரர் தாசனிடம் போய்ச் சொன்னார். படகு கிளம்பியது. அதற்குப் பிறகு மடிக்கணினியில் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. அவர் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டு விலாசம் வாங்கினார். நடுநடுவே வாசலைப் பார்த்தார்.

மூன்றேகால் மணிக்குத் தாசன் திரும்பினார். படகில் ஐந்து பேர். அவர்களில் ஒருத்தி நிறைமாதக் கர்ப்பிணி. ஈர விரல்களில் கைபேசியை இறுக்கிப் பிடித்திருந்தாள். அது அணைந்து போயிருந்தது.

திருவேங்கடம் அவளுக்குத் துண்டு எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். மறுபடி மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தார்.

"ஒரு சந்தேகம் டீச்சர். இனிமே கட்டம் காலியா வந்தா, பிழைன்னு எங்க காட்டட்டும்?"

நஸ்ரின் அவர் பக்கம் திரையைத் திருப்பி வைத்தாள்.

"கேக்கறவங்களுக்கு வேண்டாம். நம்ம திரையில காட்டுங்க சார்."