சுள்ளிப்பாளையத்தார் நல்ல காற்று வாங்கிய கதை

சுள்ளிப்பாளையத்துக் கல்யாண மண்டபத்தில் ஜன்னல்கள் நிறைய உண்டு. அவை திறப்பதற்காக வைத்தவை என்பது மட்டும் ஊரில் யாருக்கும் தெரியாது. வருஷா வருஷம் வெள்ளையடிக்கும்போது கதவு, சட்டம், இடுக்கு எல்லாவற்றையும் சேர்த்துப் பூசிப் பூசி, கடைசியில் சுவர் எது ஜன்னல் எது என்று பல்லிக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அந்த மண்டபத்தில் கல்யாணத்துக்கு வந்தவர்கள் தாம்பூலப் பையோடு சளியையும் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். பந்தியில் உட்காராமல் கோபித்துக்கொண்டு போன பங்காளிகள்கூட இருமலை வாங்கிக்கொள்ளாமல் போனதில்லை. போன ஆவணியில் ஒரு மாப்பிள்ளை தாலி முடிச்சுப் போடும்போது தும்மித் தும்மி, தன் தங்கையின் விரலையும் சேர்த்து முடிந்துவிட்டார். அந்தப் பெண் பந்தி முடியும்வரை மணப்பெண்ணோடு ஒட்டியே உட்கார்ந்திருக்க நேர்ந்தது.

மண்டபத்துக்கு ஒரு கமிட்டி. தலைவர் நாச்சிமுத்து. உறுப்பினர்கள் மாரப்பன், குழந்தைவேல், சென்னிமலை. எந்த விஷயமானாலும் நான்கு பேரும் சேர்ந்துதான் யோசிப்பார்கள். தனித்தனியாக யோசித்தால் தப்பு நடந்துவிடும் என்று பயம்.

இந்தச் சமயத்தில் சென்னிமலையின் மகள் ரங்கநாயகிக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளையின் அம்மா வேலாத்தாளுக்கு மூச்சு இளைப்பு. கொஞ்சம் சளி பிடித்தாலும் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். அந்த அம்மாள் முன்கூட்டியே சொல்லியனுப்பிவிட்டார்:

"உங்கூரு மண்டபத்தைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கறேன். அங்க ஒரு இருமல் சத்தம் கேட்டாலும் தாலி கட்டறதுக்கு முன்னாலயே வண்டியைத் திருப்பீருவேன்."

சென்னிமலைக்குச் சோறு இறங்கவில்லை. கமிட்டி கூடி, சுகாதார நிலையத்து டாக்டரம்மா ஜெசிந்தாவைக் கூட்டிவந்து மண்டபத்தைக் காட்டியது. அவர் உள்ளே நுழைந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏங்க, நோய் காத்துல மிதக்குதுங்க. ஒருத்தர் விடற மூச்சை இன்னொருத்தர் இழுத்துக்கறாங்க. முதல்ல ஜன்னலைத் திறங்க. நல்ல காத்து வாங்குங்க. ஒருத்தருக்கொருத்தர் ஆறடி விட்டு உக்காருங்க. இருமல் வந்தா இதா, இப்படி முழங்கையில இருமுங்க."

கையை மடக்கிக் காட்டினார். அதற்குள் பிரசவக் கேஸ் என்று போன் வரவே, ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார்.

கமிட்டி ஜன்னலில் ஆரம்பித்தது. இழுத்தார்கள், தள்ளினார்கள், கெஞ்சினார்கள். அசையவில்லை.

"தச்சாசாரியைக் கூப்பிடலாம்" என்றார் குழந்தைவேல்.

"அவருக்கு முழங்கால் வலி, வரமாட்டார்" என்றார் மாரப்பன். "நாமதான் ஜன்னலைக் கொண்டுபோகணும்."

கடப்பாறையால் சுவரைக் குத்தி, ஜன்னல்களைச் சட்டத்தோடு பெயர்த்து வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஆசாரி உளியால் ஒவ்வொன்றாகத் திறந்துகொடுத்தார். திறந்த ஜன்னல் மூடிக்கொள்ளாதபடி பிடித்துக்கொண்டே திரும்பி வந்து, அத்தனையையும் வாசலில் வரிசையாக நிறுத்திவைத்தார்கள். பிறகு பார்த்தால் சுவரெல்லாம் ஓட்டை. சம்பந்தி வீட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? செங்கல் வைத்து ஒன்றுவிடாமல் அடைத்துப் பூசினார்கள்.

"ஒரு வேலை முடிஞ்சுது" என்று நாச்சிமுத்து கையைத் தட்டிக்கொண்டார். "அடுத்து, நல்ல காத்து வாங்கணும். எங்க வாங்கறது?"

"சைக்கிள் கடையில" என்றார் மாரப்பன். "போர்டே எழுதிப் போட்டிருக்கறான், இங்கு காற்று கிடைக்கும்னு."

சைக்கிள் கடைக்காரர் பம்பை எடுத்துக்கொண்டு கேட்டார்: "எத்தனை சைக்கிளுக்குங்க?"

"சைக்கிளுக்கு இல்லீங்க. ஒரு கல்யாணத்துக்கு."

நாச்சிமுத்து கொஞ்சம் காற்றை மூக்கில் அடிக்கச்சொல்லி முகர்ந்து பார்த்தார். ரப்பர் வாசம் அடித்தது. "சுத்தமான சரக்கு. ரப்பருக்குள்ளயே அடைச்சு வெச்சிருக்கறான், தூசி பட வழியே இல்லை" என்று தலையாட்டினார். சைக்கிள் டியூப், லாரி டியூப், டயர் வண்டி டியூப் என்று அகப்பட்டதிலெல்லாம் காற்றை நிரப்பி, மண்டபத்துக்குள் கூரைவரை அடுக்கினார்கள். முகூர்த்த நேரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்துவிடுவது என்று முடிவாயிற்று. மணவறைக்கும் நடந்துபோக ஒற்றையடிப் பாதைக்கும் மட்டும்தான் இடம் மிஞ்சியது.

அடுத்தது முழங்கை.

"முழங்கையில இருமணும்னாங்க. யார் முழங்கையில?" என்று கேட்டார் சென்னிமலை.

"அவங்க முழங்கையைத்தானே காட்டினாங்க?" என்றார் மாரப்பன்.

"அவங்களுக்கு ஆஸ்பத்திரி வேலை இருக்குதே. முகூர்த்தம் பூராவும் கையை நீட்டிட்டு நிக்க முடியுமா?"

"அப்ப மண்டபத்துக்குன்னு சொந்தமா ஒரு முழங்கை வேணும்" என்றார் தலைவர்.

நால்வரும் சட்டைக் கையை மடித்து நீட்டினார்கள். நீண்ட ஆராய்ச்சிக்குப் பிறகு, சதைப்பிடிப்பாக இருந்ததால் குழந்தைவேலின் வலது முழங்கை தேர்வானது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை காலம் கமிட்டியில் இருந்தும் அவருக்கென்று ஒரு பொறுப்பு கிடைத்தது இதுதான் முதல் தடவை.

ஆறடி விஷயத்தில்தான் ரொம்ப நேரம் தர்க்கம்.

"ஒருத்தருக்கொருத்தர் ஆறடி விட்டுட்டு உக்காரணும். அப்படீன்னா நான் உனக்கு ஆறு, நீ எனக்கு ஆறு" என்றார் மாரப்பன்.

"கல்யாணத்துக்கு வந்தவங்களை அடிக்கறதா? அதுக்கும் நோய்க்கும் என்னப்பா சம்பந்தம்?" என்றார் சென்னிமலை, சம்பந்தியை நினைத்துக்கொண்டு.

"முதுகுல நாலு வெச்சா நெஞ்சுச் சளி கலங்கி வெளிய வந்துராதா? நாலுக்கே அப்படீன்னா ஆறுக்குச் சொல்லணுமா? படிச்சவங்க காரணமில்லாம சொல்ல மாட்டாங்க."

வாசலில் நின்று ஆறு வைக்கும் பொறுப்பை மாரப்பனிடமே கொடுத்தார்கள்.

கல்யாணத்தன்று காலையில் மாரப்பன் பன்னீர்ச் செம்போடு வாசலில் நின்றார். மாப்பிள்ளையின் தாய்மாமன் முதல் ஆளாக வந்தார். மாரப்பன் பன்னீர் தெளித்தார், சந்தனம் கொடுத்தார், "மன்னிச்சுக்குங்க" என்று சொல்லி முதுகில் ஆறு வைத்தார். பிறகு தானும் குனிந்து, "இப்ப நீங்க" என்றார்.

தாய்மாமன் ஒரு கணம் திகைத்தார். இந்த ஊர் மரியாதை இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்து, குறைவைக்கக் கூடாதென்று தன் பங்கையும் பலமாகவே கொடுத்தார். பின்னால் வந்தவர்கள் அதைப் பார்த்து வேறுமாதிரி புரிந்துகொண்டார்கள். வேட்டிகள் மடித்துக் கட்டப்பட்டன. சென்னிமலை ஓடிவந்து ஒவ்வொருவர் காலிலும் விழுந்து உள்ளே அனுப்பிவைத்தார். விழுந்த இடத்திலெல்லாம் அவருக்கும் ஆறு கிடைத்தது.

வேலாத்தாள் மணவறைப் பக்கம் வந்து நின்றதும் நாச்சிமுத்து கையை உயர்த்தினார். "திறந்துவிடுங்கப்பா!"

ஆயிரம் பாம்பு ஒன்றாகச் சீறினாற்போல டியூபுகள் சீறின. நாதஸ்வரக்காரர் சீவாளியை விழுங்கப் பார்த்தார். ரப்பர் ஒட்டாமலிருக்க டியூபுகளில் தூவியிருந்த வெள்ளைத் தூளெல்லாம் கிளம்பி மண்டபத்தை நிறைத்தது. எதிரில் நிற்பவர் அண்ணனா தம்பியா என்று தெரியவில்லை. எல்லோரும் ஒரே சமயத்தில் இருமினார்கள்.

"இருமல் வந்தவங்க முழங்கைக்கு வாங்க!" என்று கத்தினார் தலைவர்.

குழந்தைவேல் வலது கையை மடக்கிக்கொண்டு தூணோரம் அசையாமல் நின்றார். கூட்டம் அவர்மேல் பாய்ந்தது. "வரிசையா வாங்க! தள்ளாதீங்க! ஆளுக்கு ஒரு இருமல்தான்! ஏனுங்க, இப்பத்தானே இருமீட்டுப் போனீங்க? மறுபடியும் வந்து நிக்கறீங்க?"

இந்த அமளியில் வேலாத்தாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தார். மூச்சு விசிலடித்தது. உதடு வெளுத்துப்போயிற்று. மணவறையில் உட்கார்ந்திருந்த ரங்கநாயகி அதைப் பார்த்தாள். ஐயர் "எந்திரிக்கக் கூடாதும்மா" என்று சொல்லச் சொல்ல, மாலையைக் கழற்றி வைத்துவிட்டுப் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகினாள். டியூபுகளைக் காலால் எத்தி வழி செய்துகொண்டு, மாமியாரைத் தோளில் சாய்த்து வெளியே கூட்டிப்போனாள்.

எதிரே திறந்த பொட்டலில் ஒரு வேப்பமரம். அதனடியில் உட்காரவைத்து முதுகைத் தடவினாள்.

"இழுக்கற மருந்து எங்கீங்கத்தை? இடுப்புலயா? இதா, இழுங்க. மெதுவா, மெதுவா. ஒண்ணும் அவசரமில்லை, எல்லாரும் இருமி முடிக்கட்டும்."

காற்று சிலுசிலுவென்று வந்தது. கொஞ்ச நேரத்தில் வேலாத்தாளுக்கு மூச்சு சீரானது. கண்ணைத் திறந்து மருமகளைப் பார்த்தார்.

"ஏம் புள்ள, உங்கூர்ல எல்லாருமே இப்படித்தானா?"

"எல்லாரும் இல்லீங்கத்தை. கமிட்டியில இருக்கறவங்க மட்டும்."

வேலாத்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு மண்டபத்தைப் பார்த்துக் குரல்கொடுத்தார்: "வண்டியைத் திருப்பியிருப்பேன். இந்தப் புள்ளைக்காகத்தான் உக்காந்திருக்கறேன். எம் பையனை இங்க வரச்சொல்லுங்க. தாலி இங்கதான்!"

அப்படியே வேப்பமரத்தடியில் தாலி ஏறியது. பந்தியும் அங்கேயே. சாப்பிட வந்த டாக்டரம்மா, ஊரே பொட்டலில் காற்றோட்டமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அசந்துபோனார்.

"அடடா! இதை நான் எதிர்பார்க்கவே இல்லீங்க. வெளியில இருந்தா நோய்க் காத்து தங்காது, கலைஞ்சு போயிரும். இனிமே எல்லாக் கல்யாணத்தையும் வெளியிலயே வெச்சுக்குங்க."

அவர் சொன்னது பலித்தது. அந்தக் கல்யாணத்துக்குப் போனவர்களில் ஒருவருக்கும் சளி பிடிக்கவில்லை, குழந்தைவேலைத் தவிர.

ஆனால் கடைசிப் பந்தியின்போது லேசாகத் தூறல் விழுந்து அப்பளம் நமத்துப்போனது. அதைப் பற்றிப் பேச மறுவாரமே கமிட்டி கூடியது.

"வெளி ரொம்ப நல்ல இடம். அதுல சந்தேகமில்லை. ஆனா இத்தனை நல்ல இடத்தை மழையிலும் வெயில்லயும் போட்டு வெச்சிருக்கறமே" என்று வருத்தப்பட்டார் நாச்சிமுத்து.

"ராத்திரியில மாடுக வேற வந்து படுத்துக்குது" என்றார் மாரப்பன்.

"நல்ல காத்து கண்ட பக்கம் ஓடியும் போகுது" என்று மூக்கை உறிஞ்சினார் குழந்தைவேல்.

ஐப்பசி அடைமழைக்குள் வேலையை முடித்துவிட்டார்கள். பொட்டலைச் சுற்றி நாலு பக்கமும் உயரமாகச் சுவர். மேலே கெட்டியான கூரை. ஒரு பொட்டு மழை விழாது, ஒரு இழை காற்று வெளியேறாது. உள்ளே இருப்பது வெளிதான் என்பதில் யாருக்கும் ஐயம் வரக்கூடாது என்று வேப்பமரத்தை வெட்டாமல் நடுவில் அப்படியே விட்டிருந்தார்கள்.

வாசலில் நாச்சிமுத்து தம் கையாலேயே போர்டு எழுதி மாட்டினார்:

"இது வெளி. எல்லோரும் உள்ளே வரவும்."